அடைப்புக்குறிக்குள்

சிவப்பு லேபிள், நடுவில் துளை.
பாட்டின் பெயருக்குக் கீழே
அடைப்புக்குறிக்குள் இருந்திருக்க வேண்டியது
தோரா எக்லுண்ட்.
மதியச் சாப்பாட்டுக்குப் பின்
அச்சகத்தில் யாரோ ஒருவன்
பட்டியலில் ஒரு வரி கீழே வழுக்கிவிட்டான்.
பிரையர் என்று விழுந்தது.
பிரையர் நான்தான்.
பேஸ் கிட்டார், பதினொரு மாதம்.
அதற்கு முன் ஓக்லண்டில் பழ லாரி.

அறுபத்தாறில் டுலூத்திலிருந்து வந்தாள்.
இரும்புத்தாது கப்பலேறும் ஊர்,
காதுக்குள் இன்னும் அந்தத் தூசி இருக்கிறது என்பாள்.
சான் ஃபிரான்சிஸ்கோவில் எல்லாரும்
பெயர் மாற்றிக்கொண்ட வருடம் அது.
எங்கள் டிரம்மர் தன்னைச் சனிக்கோள் என்றான்,
வாடகை கேட்டு வந்தவரிடமும்.
அவள் எக்லுண்டாகவே இருந்தாள்.

சர்க்கரைக் கட்டியை நாக்கில் வைத்து
சுவர் மூச்சுவிடுவதை நாங்கள் பார்த்துக் கிடந்த இரவில்
சமையலறை விளக்கின் கீழ்
ஒரு சொல்லுக்காக மூன்று பென்சில் சீவினாள்.
போதையின் உச்சம் என்று
பத்திரிகைகள் பின்னால் புகழ்ந்த பாட்டு
முழுக்க முழுக்கக் கறுப்புக் காப்பி.
ஏரி தலைகீழாய்த் தொங்குகிறது என்ற வரிக்குத்தான்
எத்தனை வியாக்கியானம்!
ஜனவரியில் அப்பா பனியைத் துளைத்து மீன் பிடிக்க,
சிறுமி குப்புறப் படுத்து
அந்தத் துளைக்குள் பார்த்தாள்.
அவ்வளவே.

ஒலிப்பதிவில் ஃபாஸியோ
கிட்டாரைப் பின்னோக்கி ஓட்டினார்.
'பாட்டு வந்த வழியே வீட்டுக்குப் போகிறது'
என்று சிரித்தாள்.
லேபிளைக் காட்டினேன்.
'அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்' என்றாள்.
அடுத்த பதிப்பு வரவில்லை.
கம்பெனிக்காரர் அரிசோனா போனார்,
மேஜை நாற்காலிகளோடு.

முதல் காசோலை நாற்பத்தொரு டாலர்.
கையில் கொடுத்தேன், கம்பி வாங்கினாள்.
பிறகு அவள் முகவரி
பீட்சா கடைகளாகச் சிதறியது.
இரண்டாவது ஆல்பம் ஒரு பெட்டியில்,
பெட்டி யாருடைய கராஜிலோ.
எழுபத்தைந்தில் ஊர் திரும்பி
பள்ளிப் பேருந்துகளுக்கு வழி பிரித்துக் கொடுத்தாளாம்.

எண்பத்து நான்கில் ஒரு டயர் விளம்பரம்.
மழை, வளைவு, அவள் பாட்டு.
பதினெட்டாயிரம் டாலர்.
என் பெயருக்கு.

கூரை மாற்றினோம்.
மகளின் பல்லை நேராக்கினோம்.
அவள் சிரிக்கும்போதெல்லாம்
நான் வேறு பக்கம் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

தொலைபேசியை எடுத்தபோது தொண்ணூற்றொன்று.
ஒத்திகை பார்த்த வாக்கியத்தின்
பாதியிலேயே நிறுத்தினாள்.
'தெரியும்.
பல் டாக்டர் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன்.
எத்தனை வருடம் எடுத்துக்கொள்வாய் என்று
எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு.'
பல் டாக்டர் என்ற சொல்லில்
என் வாய் உலர்ந்ததை அவள் அறியமாட்டாள்.
பணம் அனுப்புகிறேன் என்றேன்.
'அனுப்பு' என்றாள், உடனே.
பிறகு கொஞ்சம் தயங்கி,
'அதற்கு எப்படிச் சுருதி சேர்த்தேன்?
மறந்துபோச்சு.'

அது எனக்கு நினைவிருந்தது.
ஆறாவதை டி வரை இறக்கு.
மூன்றாவது அரைச் சுரம் கீழே.
இரண்டாயிரம் மைலுக்கு அப்பால்
மரை முறுகும் சத்தம்.
இன்னும், இன்னும் கொஞ்சம்,
போதும்.
வாசிப்பாள் என்று காத்திருந்தேன்.
'நல்லது' என்று வைத்துவிட்டாள்.

காசோலையை அந்த வாரமே மாற்றினாள்.
கடிதம் இல்லை. எதற்குக் கடிதம்?

போன மாதம் ஒசாகாவிலிருந்து ஓர் இளைஞன்
பாட்டை மறுபதிப்புச் செய்தான்.
படிவத்தில் நானே, பெரிய எழுத்தில்,
எக்லுண்ட், எக்லுண்ட் மட்டும் என்று
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.
தட்டு வந்தது. சிவப்பு லேபிள், அதே துளை.
அடைப்புக்குறிக்குள்
எக்லுண்ட், ஒரு சிறு கோடு, பிரையர்.

அவளை அழைத்துச் சொன்னேன்.
பின்னணியில் ஏதோ பேருந்து முனகியது.
'அடுத்த பதிப்பில்' என்றாள்.